சங்கத்துக்கு வாருங்கள்: கொழும்பின் தமிழ்க் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் பாடுகிற, ஆடுகிற, வாத்தியம் வாசிக்கிற, நாடகம் போடுகிற, படம் வரைகிற தோழர்களுக்கும் தோழிகளுக்கும்,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் பழகுகிற கலைஞர்களில் அநேகம் பேர் எந்த அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. இருந்தாலும் பெயருக்குத்தான். எப்போதோ ஒரு படிவம் நிரப்பியிருப்பார்கள், சந்தா கட்டி வருடங்களாகியிருக்கும், பொதுச்சபைக் கூட்டத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்கள். இது மாற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். உங்கள் கலைக்குப் பொருத்தமான ஓர் அமைப்பில் சேருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் கூடி ஒன்றைத் தொடங்குங்கள். நம் பிழைப்பும் நம் கலையின் ஆயுளும் இதில்தான் தங்கியிருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

நான் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வயலின் வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

அரங்கேற்றத்தில் சபையோர் பார்ப்பது மூன்று மணி நேரம். அதற்கு முன்னால் ஒத்திகை மேல் ஒத்திகையாக நடந்திருக்கும். வர்ணம் என்கிற நீண்ட உருப்படி மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். எந்த ஜதியைப் பிள்ளை எந்தக் காலத்தில் ஆடும், எங்கே கொஞ்சம் தளரும், ஒரே வரிக்கு விதவிதமாக அபிநயம் பிடிக்கிற சஞ்சாரியில் எத்தனை தடவை அதே வரியைத் திருப்பிப் பாட வேண்டும் என்பதெல்லாம் கூட இருந்து பழகினால்தான் பிடிபடும். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஐந்து பேருக்கும் தோதான ஒரு மாலையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. கொட்டாஞ்சேனையிலிருந்து மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பின்னேர பஸ்ஸில் வர முடியாது, ஓட்டோதான் பிடிக்க வேண்டும். அந்தக் காசை யார் கொடுப்பது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பொன்னாடை, புகைப்படம், பிரதம விருந்தினர் உரை. மண்டபம் பூட்டுகிற நேரத்தில் கையில் ஓர் உறை வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஓட்டோவில் ஏறிய பிறகுதான் பார்ப்போம். பேசிய தொகை அப்படியே இருக்கிற நாட்களும் உண்டு, குறைந்திருக்கிற நாட்களும் உண்டு. குறைந்தால் போன் எடுத்துக் கேட்கலாம். கேட்டால் அடுத்த மாணவியின் அரங்கேற்றத்துக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கேட்பதில்லை.

ஒருமுறை ஒத்திகைகள் எல்லாம் முடிந்த பிறகு ஓர் அரங்கேற்றம் குடும்பக் காரணத்தால் தள்ளிப்போனது. பிறகு நடக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தின் கஷ்டம் உண்மையானது, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை. மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பது மண்டபத்தின் படிவத்தில் அச்சாகியிருந்தது. எங்களிடம் அப்படி ஒரு படிவமே இருக்கவில்லை.

அந்தப் படிவத்தை ஓர் அமைப்பு நமக்குத் தர முடியும். நான் ஒரு பக்கத்தில் மாதிரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். நிகழ்ச்சித் திகதி, இடம், எத்தனை ஒத்திகை, அதற்கு மேல் ஒவ்வொரு ஒத்திகைக்கும் எவ்வளவு, மொத்தத் தொகை, பாதி முற்பணம், போக்குவரத்து யார் பொறுப்பு, நிகழ்ச்சி நின்றுபோனால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு பங்கு, அழைப்பிதழில் பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர் வருமா, வீடியோ எடுத்தால் எங்கே போடலாம். கீழே இரண்டு கையெழுத்து. இதில் ஒரு வரிகூடப் பேராசையில் எழுதியதல்ல. இருந்தும் இதை நான் மட்டும் கொண்டுபோய் நீட்டினால், "பரவாயில்லை, நாங்கள் வேறு ஆளைப் பார்க்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். வேறு ஆளும் வருவார், வீட்டில் அவருக்கும் அடுப்பெரிய வேண்டும். கொழும்பில் வாசிக்கிற எல்லோரும் ஒரே அமைப்பின் பெயர் போட்ட இதே தாளை நீட்டினால் பெற்றோருக்கும் அது வழக்கமான ஒன்றாகிவிடும். மண்டபத்தின் படிவத்தில் யாரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைக்கிறார்கள்தானே.

வெளிநாடுகளில் கலைஞர்கள் இந்த வழியில்தான் போனார்கள். பிரிட்டனில் இசைக்கலைஞர்களின் சங்கம் 1893 இல் தொடங்கியது. மேடை நடிகர்களின் 'ஈக்விட்டி' 1930 இல் தொடங்கியது. நாடகக் கொம்பனிகளுடன் குறைந்தபட்ச ஊதியத்தையும் ஒத்திகை நேரத்தையும் பேசித் தீர்ப்பது அங்கே இன்றும் அந்தச் சங்கத்தின் வேலை. பெயர் பெற்ற நடிகர் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். சங்கம் தேவைப்படுவது மூன்றாம் வரிசையில் நிற்பவருக்கு. நம்மில் பெரும்பாலானோர் நிற்பது அந்த வரிசையில்தான்.

பிரான்சில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. 1847 இல் பாரிஸ் நகரத்தின் கஃபே ஒன்றில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அவருடைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறார்கள். குடித்ததற்குக் காசு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் பாட்டை நீங்கள் காசில்லாமல் எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் பானத்தை நான் காசில்லாமல் எடுத்துக்கொள்கிறேன் என்பது அவருடைய நியாயம். வழக்கு நீதிமன்றம் போனது, அவர் வென்றார். ஆனால் ஒவ்வொரு கஃபேயாகப் போய் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஆள் தனியாகச் சண்டை பிடிக்க முடியுமா? அதனால் அவரும் சகாக்களும் சேர்ந்தார்கள். 1851 இல் 'சசெம்' என்ற உரிமைச் சங்கம் பிறந்தது. இன்றைக்கும் அது இயங்குகிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் ஒரு பாட்டை இயற்றினால், நாடகம் எழுதினால், ஓவியம் தீட்டினால் பதிப்புரிமை அந்தக் கணமே உங்களுடையது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 70 வருடம் அது நிலைக்கும். படைப்போடு உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், அதைச் சிதைக்கக்கூடாது என்ற உரிமையும் உண்டு. மேடையில் வாசிப்பவருக்கும் ஆடுபவருக்கும் அந்த ஆற்றுகையில் தனி உரிமைகள் இருக்கின்றன. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? அரங்கேற்ற வீடியோ யூடியூபில் ஏறுகிறது. மூலையில் வீடியோக்காரரின் முத்திரை இருக்கிறது, கீழே மண்டபத்தின் பெயர் இருக்கிறது, ஒலியமைப்பாளரின் பெயர்கூட இருக்கிறது. வர்ணத்தை முழுதாகச் சுமந்த மிருதங்கக்காரரின் பெயர் எங்கேயும் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. சட்டத்தில் இருக்கிற உரிமையைக் கையில் எடுக்க ஒரு வக்கீல் கடிதமாவது வேண்டும், தனி ஆள் எந்த வக்கீலிடம் போவார்? ஐம்பது பேருக்கு ஒரு வக்கீல் என்றால் அது கைக்கெட்டிய செலவு.

அடுத்தது, நாம் கதைக்க விரும்பாத விஷயம், முதுமை. ஒரு கடையில் கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு ஊழியர் சேமலாப நிதியில் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் சேர்கிறது. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்டுகிறார். ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேரோடு நடந்து நடந்து தவில் வாசிக்கிறவருக்கு என்ன சேர்கிறது? விரலில் சுற்றுகிற கூட்டுக்குக்கூட அவரே செலவழிக்கிறார். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நிகழ்ச்சிகள் நின்றன. 2020 இல் கோயில் திருவிழாவும் இல்லை, மண்டபமும் இல்லை, வகுப்பும் இல்லை. 2022 இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டும். மூன்று தடவையும் நமக்குக் கைகொடுத்தவர்கள் தனிப்பட்ட நண்பர்கள்தான். உதவி செய்ய முன்வந்தவர்களும் முதலில் கேட்டது, "உங்களிடம் பட்டியல் இருக்கிறதா?" என்பதைத்தான். யார் யார் கலையை மட்டுமே நம்பி இருக்கிறார்கள், யாருக்கு வாடகை வீடு, யார் நோயாளி என்று ஒரு நம்பகமான பட்டியலும், அதை அனுப்பக் கணக்காய்வு செய்யப்பட்ட ஒரு வங்கிக் கணக்கும் நம்மிடம் இருக்கவில்லை. வெட்கத்தை விட்டு உதவி கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது. மானஸ்தருக்குக் கிடைக்கவில்லை.

அரசாங்கத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழில் செய்பவர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 1978 இல் ஒரு சட்டத்தின் மூலம் உருவான டவர் ஹோல் அரங்க மன்றம் மேடைக் கலைஞர்களின் நலனுக்கென்றே இருக்கிறது. மூத்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் விருது இருக்கிறது. அதற்கான விண்ணப்பம் பிரதேச செயலகம் வழியாகப் போகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்கள் திம்பிரிகஸ்யாய செயலகத்துக்குப் போக வேண்டும், கொட்டாஞ்சேனை ஆட்கள் கொழும்பு செயலகத்துக்குப் போக வேண்டும். இவையெல்லாம் எத்தனை தமிழ்க் கலைஞர்களுக்குத் தெரியும்? ஒரு படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கவே சிலர் மூன்று தடவை அலைந்து கைவிட்டிருக்கிறார்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒற்றை ஆளின் கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். பதிவிலக்கம் உள்ள சங்கத்தின் கடிதத்துக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் செயலாளர் திரும்பவும் போய் நிற்பார்.

சரி, பழைய கதைக்குக் கொஞ்சம் போவோம். ஓவியர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும். 1943 இல் கொழும்பில் சில ஓவியர்கள், அப்போதிருந்த கலைச் சங்கத்தின் போக்கோடு ஒத்துப்போக முடியாமல், தாங்களே கூடி '43 குழு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் அதற்கு முதுகெலும்பாக இருந்தார். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், றிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி எல்லாரும் அதில் இருந்தார்கள். இவர்கள் ஒரே மாதிரி வரைந்தவர்கள் இல்லை. கீற்றின் கோட்டையும் தெரணியகலவின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு உலகம் தெரியும். குழுவில் சேர்ந்தால் தனித்தன்மை போய்விடும் என்று பயப்படுகிற இளம் ஓவியர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். வென்ட் அடுத்த வருடமே இறந்துபோனார். குழு நின்றுவிடவில்லை. கண்காட்சிகள் தொடர்ந்தன, 1952 இல் லண்டனில் காட்சி வைத்தார்கள். பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸின் வீடு இப்போது சபுமல் மன்றமாக இருக்கிறது, அவர்களுடைய ஓவியங்களை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். ஒருவர் இறந்தாலும் படைப்பைக் காப்பாற்ற இன்னொருவர் இருந்தார்.

தமிழ் நாடகத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தில் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணக் கூத்துகள் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் வந்தன. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் மேடையில் கௌரவிக்கப்பட்டார்கள், கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த சில கூத்துகள் அச்சேறின. அந்த மனிதரின் அக்கறை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கறைக்கு ஒரு குழுவும் நிதியும் கடிதத் தலைப்பும் கிடைத்ததால்தான் அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

இனி நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். சங்கம் என்றால் பதவிச் சண்டை, அரசியல்வாதிக்கு மாலை, ஆண்டு மலரில் தலைவரின் படம் முழுப்பக்கம். நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பொதுச்சபைக் கூட்டத்தைச் சொல்கிறேன். மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கும், முன்வரிசையில் ஏழெட்டுப் பேர். கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை, அதாவது நிறைவெண், இல்லை. சங்கத்தின் விதிகளான யாப்பில் உள்ளபடி அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்திருக்கிறவர்களை வைத்தே நடத்துவார்கள். கணக்கறிக்கையை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பழைய நிர்வாகமே திரும்ப வரும். அந்த ஏழெட்டுப் பேர் மேல் எனக்கு மரியாதைதான், அவர்களாவது வந்தார்கள். தொழில்செய்கிற கலைஞர்கள் நாற்பது பேர் அன்றைக்குச் சந்தா ரசீதோடு வந்து உட்கார்ந்திருந்தால் அந்த யாப்பையே மாற்றியிருக்கலாம். தலைவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டியது அவ்வளவுதான். சண்டை வந்தால் வரட்டும். சென்னையில் 1952 இல் தொடங்கிய தென்னிந்திய நடிகர் சங்கத்தில் 2019 ஜூனில் போட்ட வாக்குகளை, வழக்குகள் முடிந்து 2022 மார்ச்சில்தான் எண்ணினார்கள். அதற்காக யாரும் சங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை, உறுப்பினர்களுக்கு அதில் காரியம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்வீர்கள்: கலை தெய்வீகமானது, அதில் காசு கதைக்கலாமா? நான் வாசிக்கும்போது காசை நினைப்பதில்லை. வாசிப்பதற்கு முன்னால் அதைத் தெளிவாகக் கதைத்து முடித்திருந்தால்தான் வாசிக்கும்போது நினைக்காமல் இருக்க முடிகிறது.

பெண் கலைஞர்களுக்குத் தனியாக ஒரு பந்தி எழுத வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒத்திகை முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது என்பதில் தொடங்கி, வாய்ப்புத் தருகிறவர் எல்லை மீறினால் யாரிடம் சொல்வது என்பது வரை, இன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவரும் தனியாகவே சமாளிக்கிறார்கள். சொன்னால் பெயர் கெடும் என்று பயந்து ஒதுங்கிப்போன திறமையான நடிகைகளை எனக்குத் தெரியும். முறைப்பாட்டை இரகசியமாக எடுத்து விசாரிக்கிற, பெண்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு குழு இல்லாத எந்தக் கலை அமைப்பையும் நான் முழுமையானது என்று ஏற்க மாட்டேன்.

அதே மாதிரித்தான் நாதஸ்வர, தவில் கலைஞர்களின் விஷயமும். அவர்களை வேறு வரிசையில் வைத்துக் கதைக்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வித்துவான் என்று மேடையில் வாழ்த்திவிட்டுச் சங்கத்தில் உறுப்பினராகக் கேட்கிறபோது யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பெயர், திகதி, இலக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. 1942 இல் தொடங்கி, வெள்ளவத்தையில் தமிழ்ப் பணி செய்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1902 இல் தொடங்கிய விவேகானந்த சபை, 1931 இலிருந்து நம் பிள்ளைகளுக்குத் தரம் தரமாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிற வட இலங்கை சங்கீத சபை போன்றவற்றின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இவை தொழிற்சங்கங்கள் அல்ல, அப்படி மாற வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் சங்கீத சபையின் ஆசிரியர் தரம் வரை படித்து முடித்த பிள்ளை அதற்குப் பிறகு தொழிலில் எங்கே போய் நிற்கும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும். கூட்டம் வைக்க மாதத்தில் ஒரு மாலை மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தரலாம். நிகழ்ச்சி ஒழுங்கு செய்யும்போது மாதிரி ஒப்பந்தத்தை நீங்களே முதலில் கையெழுத்திட்டுக் காட்டலாம். நீங்கள் செய்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

புதிதாகத் தொடங்குவது மலையைப் புரட்டுகிற வேலை என்று நினைக்காதீர்கள். சங்கம் அமைக்கும் சுதந்திரத்தையும் தொழிற்சங்கத்தில் சேரும் சுதந்திரத்தையும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை நமக்குத் தந்திருக்கிறது. கலைஞர்கள் தொழிற்சங்கமாகவும் தொழில்சார் அமைப்பாகவும் கூடும் உரிமையை யுனெஸ்கோ 1980 இலேயே தன் பரிந்துரையில் எழுதியிருக்கிறது. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு உறுப்பினர்களின் கையெழுத்துப் போதும். வேறு வடிவம் வேண்டுமென்றால் 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். நாடகக்காரர்களுக்கு நாடகப் பிரதிக்கு அனுமதி எடுப்பது, களியாட்ட வரி என்று தனி வேலைகள் இருப்பதால் அவர்கள் வேறாகவும் வைத்துக்கொள்ளலாம். கிறீன் பாத்தில் வேலிக் கம்பியில் படங்களைத் தொங்கவிட்டு மழைக்குப் பொலித்தீன் இழுத்து மூடுகிற ஓவியத் தம்பிகளின் பிரச்சினையும் வேறு. அந்த வீதிக்கே கொழும்பில் பிறந்த ஒரு தமிழரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று. வேறு வேறாகத் தொடங்கினாலும் ஒப்பந்தப் படிவம், வக்கீல், நலநிதி மூன்றையும் சேர்ந்து வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

பக்கவாத்தியக் கலைஞர்களிடமிருந்து முதலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். யாப்பின் வரைவை நான் எழுதுகிறேன், மாதிரி ஒப்பந்தம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், கடம், வீணை, தவில், நாதஸ்வரம், எதுவானாலும் சரி, இந்தச் சீசன் அரங்கேற்றங்கள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் கூடுவோம். ஒத்திகையில் என்னைக் காண்கிறபோது உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தாருங்கள். ஏற்கெனவே ஒரு சங்கத்தில் இருக்கிறவர்கள் இந்த வருடச் சந்தாவைக் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள், அது இல்லாமல் பொதுச்சபையில் வாக்களிக்க விடமாட்டார்கள்.

அன்புடன்,
உங்களோடு மேடையில் உட்காருகிற ஒரு வயலின் கலைஞர்
வெள்ளவத்தை, கொழும்பு 6